ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ஸ்பூன்: டேங்க் அலாரம் செய்து பார்க்கலாம்

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது நம் ஊர் வீடுகளின் பொது வியாதி. "அக்கா, உங்க டேங்க் நிரம்பி ஊத்துது!" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்த பிறகுதான் சுவிட்சை நோக்கி ஓட்டம் தொடங்கும். இதற்கு நாமே ஏதாவது செய்யலாமே என்று இணையத்தில் தேடினால், மைக்ரோ கன்ட்ரோலர், மீயொலி சென்சார், வைஃபை, செல்போனில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் செயலி என்று கண்ணைப் பறிக்கும் வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். மின்னணுப் பொருட்களில் கையே வைத்திராத ஒருவர் அதையெல்லாம் வாங்கி இறங்கினால் எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்த கதைதான். அலமாரியின் மேல்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி ஏறும். தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது, "இதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று யாராவது கேட்பார்கள்.

இங்கே சொல்லப்போவது அதற்கு எதிர்த்திசையில் போகும் வழி. மொத்தம் விரல்விட்டு எண்ணும் அளவு உருப்படிகள்தான். நிரல் எழுத வேண்டியதில்லை, ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன் வேண்டாம், ஒரு சாயங்காலத்தில் முடியும். டேங்க் நிரம்பப் போகிறது என்றால் சமையலறையில் ஒரு பஸ்ஸர் கத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. மோட்டாரை நிறுத்துவது உங்கள் வேலை.

முதலில் பெரிய வழியைப் பார்த்துவிடுவோம்

பெரிய வழியைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சின்ன வழியின் அருமை புரியும்.

அந்த வீடியோக்களில் வரும் சென்சார் பெரும்பாலும் எச்.சி.எஸ்.ஆர் 04 என்ற இரட்டைக் கண் பலகை. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும் என்பது கணக்கு. ஆனால் அது ஈரம் தாங்காது. சித்திரை வெயிலில் மூடிய டேங்குக்குள் மூடியின் அடிப்பக்கம் எப்படி வேர்த்துக் கொட்டியிருக்கும் என்று ஒருமுறை திறந்து பார்த்தால் விளங்கும். சரி, ஈரம் தாங்கும் வகையை வாங்கலாம் என்றால், அந்த வகைக்கு இருபது சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பது தெரியாது. டேங்க் நிரம்பும் கடைசிச் சாண்தான் நமக்கு முக்கியம், அது அங்கேதான் குருடாகிறது. அதனால் மூடிக்கு மேலே குழாய் வைத்து உயர்த்த வேண்டும். சென்சார் தருவது 5 வோல்ட் சைகை. வைஃபை பலகையான ஈ.எஸ்.பி 8266 எதிர்பார்ப்பது 3.3 வோல்ட். நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வைஃபை போய்ச் சேர வேண்டும். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும்.

ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு, தேடித் தேடிச் செய்பவர்கள் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள். சங்கடம் எங்கே வருகிறது என்றால், கடைசியில் வேலை செய்யாதபோது. சென்சார் மேல் சந்தேகப்படுவதா, ஒயரா, நிரலா, லைப்ரரியின் பதிப்பா, ரவுட்டரா, செயலியா, எங்கோ இருக்கும் சர்வரா? புதிதாக வருபவருக்கு யாரைப் பிடித்து விசாரிப்பது என்றே தெரியாது. நாம் செய்யப்போகும் சுற்றில் ஒவ்வொரு உருப்படியையும் ஒரு பேட்டரியை மட்டும் வைத்துத் தனித்தனியாகச் சோதித்துவிடலாம். வேலை செய்யவில்லை என்றால் ஏன் என்று பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். கையால் செய்வதில் இருக்கும் சந்தோஷத்தில் பெரும்பங்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

வாங்க வேண்டியவை

பிசி 547 டிரான்சிஸ்டர். விலை குறைவு என்பதால் நான்கைந்தாக வாங்கி வையுங்கள், அதன் கம்பிக் கால்களை வளைத்துப் பழக உதவும். கடைக்காரர் "இதுவும் அதே மாதிரிதான்" என்று வேறு எண் எதையாவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேலை செய்யும், ஆனால் சிலவற்றில் கால்களின் வரிசை தலைகீழாக இருக்கும். முதல் முறை செய்யும்போது அந்தக் குழப்பம் எதற்கு?

1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. உடம்பில் பழுப்பு, கருப்பு, சிவப்பு, கடைசியில் தங்க நிறக் கோடு இருக்கும்.

பஸ்ஸர். இதில்தான் கவனம் தேவை. பேட்டரி கொடுத்தவுடன் தானாகக் கத்தும் வகை வேண்டும், அதை ஆக்டிவ் பஸ்ஸர் என்பார்கள். கருப்புப் பிளாஸ்டிக் வட்டம், சிவப்பும் கருப்புமாக இரண்டு ஒயர், '3 முதல் 24 வோல்ட்' என்று எழுதியிருப்பது கிடைத்தால் நல்லது. பித்தளைத் தகடு போல வெறும் வில்லையாக இருப்பதற்குப் பேட்டரி கொடுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், பிறகு ஊமை. கடையிலேயே 9 வோல்ட் பேட்டரியை வைத்துக் கத்தவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

9 வோல்ட் பேட்டரி, அதற்கு மேலே மாட்டும் கிளிப். பிறகு, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 5 ஆம்பியர் ஸ்க்ரூ கனெக்டர் ஒரு பட்டை. சால்டரிங் இல்லாமல் வேலையை முடிக்கப்போவது இதை வைத்துத்தான். ஒரு சின்ன ஆன்-ஆஃப் சுவிட்ச். மாடியிலிருந்து சமையலறை வரை எட்டும் இரட்டை ஒயர். ஓடும் மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால் மெல்லிய பெல் ஒயர் போதும், பதினைந்து இருபது மீட்டர் போனாலும் ஒன்றும் ஆகாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. மற்ற ஊர்களில் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்பவரைக் கேட்டால் கடையைக் காட்டுவார், பல சமயம் அவரே கொடுத்துவிடுவார்.

கடைசியாக, வீட்டிலேயே இருக்கும் இரண்டு பழைய எவர்சில்வர் ஸ்பூன்.

ஏன் ஸ்பூன்?

தண்ணீரில் இரண்டு உலோகத் துண்டுகள் நிற்க வேண்டும். பலர் செம்பு ஒயரின் முனையைச் சீவி அப்படியே தண்ணீரில் விடுவார்கள். முதல் நாள் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் இருக்கும் செம்பு மின்சாரம் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பச்சை பூக்கும், ஒரு நாள் முனை இல்லாமலே போகும். அது நாம் புழங்கும் தண்ணீர் வேறு. எவர்சில்வர் அந்த அளவு கரையாது. இன்னொரு வசதியும் உண்டு: ஸ்பூனின் நீளம். கிண்ணப் பக்கம் தண்ணீரைத் தொடும், ஒயர் மாட்டிய காம்பு தண்ணீர் ஏறாத உயரத்தில் நிற்கும். இணைப்பு நனையாமல் இருப்பதுதான் இந்த மாதிரிக் கருவிகளின் ஆயுள் ரகசியம்.

எவர்சில்வரில் சாதாரண ஈயம் ஒட்டாது என்பதால் சால்டரிங் தெரிந்தவர்களுக்கும் இங்கே அது பயன்படாது. காம்பில் ஓட்டை இருக்கும் ஸ்பூனாகப் பாருங்கள், சின்ன போல்ட் நட்டு வைத்து ஒயரை இறுக்கிவிடலாம். இல்லையென்றால் ஒயரின் முனையை இரண்டு அங்குலம் சீவி, காம்பில் நெருக்கமாகச் சுற்றி, மேலே ஒரு சின்ன ஓஸ் கிளாம்ப் போட்டு முறுக்குங்கள். அதற்கு மேல் எம்-சீல் பூசி மூடிவிடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் மழைக்காலத்தைத் தாங்காது.

மேஜையில் கோர்ப்பது

கனெக்டர் பட்டையில் ஐந்து அறைகளை மட்டும் வெட்டி எடுத்து, மேஜையில் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஐந்து என்று பேனாவால் எழுதிவிடுங்கள். எழுதாமல் செய்தால் மூன்றாவது எது நான்காவது எது என்று தடுமாறும்.

டிரான்சிஸ்டரைக் கையில் எடுங்கள். அரை வட்டமாக இருக்கும், ஒரு முகம் தட்டை. தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். மூன்று கால்களையும் மெதுவாக விரித்து, இதே வரிசையில் 2, 3, 4 ஆம் அறைகளில் மேல்பக்கமாகச் செருகி ஸ்க்ரூவை இறுக்குங்கள். கால் மெல்லியது. இறுக்கியபின் லேசாக இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் முனையை இரட்டையாக மடித்துச் செருகினால் நிற்கும்.

இப்போது கீழ்ப்பக்கம். ரெசிஸ்டரின் ஒரு கால் 3 ஆம் அறைக்கு, இன்னொரு கால் 5 ஆம் அறைக்கு. நடுவில் 4 ஆம் அறையைத் தாண்டிப் போகிறதல்லவா, அங்கே உரசாமல் இருக்க, ஒயரிலிருந்து உரித்த பிளாஸ்டிக் தோலை ரெசிஸ்டரின் காலில் உறை போல மாட்டிவிடுங்கள். ரெசிஸ்டருக்கு எந்தக் கால் எந்தப் பக்கம் என்பது இல்லை, எப்படியும் போடலாம்.

பஸ்ஸரின் சிவப்பு ஒயர் 1 ஆம் அறைக்கு, கருப்பு 2 ஆம் அறைக்கு. பேட்டரி கிளிப்பின் கருப்பு 4 ஆம் அறைக்கு. கிளிப்பின் சிவப்பு ஒயரைச் சுவிட்ச் வழியாகக் கொண்டுவந்து 1 ஆம் அறையில் போடுங்கள். மாடிக்குப் போகும் இரட்டை ஒயரில் ஒன்று 1 ஆம் அறையில், மற்றது 5 ஆம் அறையில். முடிந்தது.

பேட்டரியை மாட்டி சுவிட்சைப் போடுங்கள். சத்தம் வரக்கூடாது. இப்போது இரட்டை ஒயரின் மறுமுனைகளை ஒன்றோடொன்று தொட்டால் பஸ்ஸர் கத்த வேண்டும். பிரித்தால் நிற்க வேண்டும். அடுத்து விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி இரண்டு முனைகளையும் ஒரே விரலால் அழுத்துங்கள். மெல்லிய முனகலாக ஒரு சத்தம் வரும், அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். உங்கள் தோல் வழியாகப் போகும் துளி மின்சாரம் பேஸில் நுழைந்து, அதைப் போல நூறு இருநூறு மடங்கு மின்சாரத்தைப் பஸ்ஸருக்குத் திறந்துவிடுகிறது. டிரான்சிஸ்டர் என்ன செய்யும் என்பதைப் பள்ளிப் புத்தகத்தின் படத்தைவிட இந்த விரல் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கட்டத்தைத் தாண்டி உங்களைப் போகவிட மாட்டார்கள், அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1 கிலோ ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான்: இரண்டு முனைகளும் நேராகத் தொட்டுக்கொண்டால்கூட பேஸுக்குள் 8 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல்தான் போகும். அது இல்லாமல் தொட்டால் டிரான்சிஸ்டர் அந்த நொடியே போய்விடும்.

அடுத்து ஸ்பூன்களை ஒயரில் மாட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில், ஒன்றையொன்று தொடாமல் விட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் என்றால் உப்பு அதிகம், தொட்டவுடன் முழு சத்தத்தில் கத்தும். சமையலறை ஆர்.ஓ தண்ணீரில் சோதித்துவிட்டு "சரியா வரலையே" என்று நினைக்காதீர்கள். அதில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் போகாது. டேங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரிலேயே சோதியுங்கள்.

மாடிக்கு ஏறுவதற்கு முன்

ஓர் எச்சரிக்கை. பேட்டரி அடிக்கடி மாற்ற வேண்டாமே என்று அடாப்டரை மாட்டாதீர்கள். மலிவான அடாப்டர் உள்ளே பழுதானால் 230 வோல்ட் நேராக டேங்குத் தண்ணீருக்கே வந்துவிடலாம். 9 வோல்ட் பேட்டரிதான் இந்தக் கருவியின் பாதுகாப்பே. மோட்டார் சுவிட்சுக்குள்ளும் இந்த ஒயரைக் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, பேட்டரி தீர்ந்துபோகும் கவலையும் வேண்டாம்: தண்ணீர் தொடாத நேரத்தில் மின்சாரம் கிட்டத்தட்ட செலவே ஆகாது.

ஸ்பூன் எவ்வளவு கீழே நிற்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. டேங்கின் விட்டம் 110 சென்டிமீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 9.5 லிட்டர் பிடிக்கும். உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஏற்றுகிறது என்று பக்கெட்டை வைத்து அளந்துகொள்ளுங்கள். 30 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு மூன்று சென்டிமீட்டர் ஏறும். வழிந்தோடும் குழாயின் ஓட்டைக்கு ஆறு சென்டிமீட்டர் கீழே ஸ்பூனின் நுனி நின்றால் கத்த ஆரம்பித்ததிலிருந்து இரண்டு நிமிட அவகாசம். அடுப்பைத் தணித்துவிட்டு நிதானமாகப் போய் மோட்டாரை நிறுத்தப் போதும்.

அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டின் இரு பக்கமும் ஸ்பூன்களை கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். இடையில் ஓர் அங்குலம் இருக்கட்டும். டேங்கின் மூடியில் ஓட்டை போட்டுக் குழாயைத் தொங்கவிட்டு, ஓட்டையைச் சுற்றியுள்ள இடைவெளியை எம்-சீலால் அடையுங்கள், கொசுவுக்கு அது ஒரு வாசல் ஆகிவிடக்கூடாது. தண்ணீர் விழும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தொங்கவிடுவது முக்கியம். இல்லையென்றால் தெறிக்கும் தண்ணீருக்கெல்லாம் கத்தும். மூடியிலிருந்து இறங்கும் ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு சுவரோடு கொண்டுபோனால் மழைநீர் ஒயர் வழியே ஓடி இணைப்புக்குள் போகாமல் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

கருவியை மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுவதே நல்லது. மோட்டார் போடும் கையோடு அலாரம் சுவிட்சையும் போடுவது, கத்தியவுடன் இரண்டையும் நிறுத்துவது என்று ஒரு பழக்கமாகிவிடும். மோட்டார் சுவிட்ச் வெளியே எங்கோ இருக்கிறது என்றால், காது எட்டும் இடத்தில் பஸ்ஸரை வையுங்கள். ஒரு பழைய டிபன் டப்பா, இல்லை மாத்திரை டப்பா, கருவிக்குக் கூடாகப் போதும்.

தகராறு வந்தால்

ஸ்பூன்களை ஒன்றோடொன்று தொடவைத்தாலும் சத்தம் இல்லை: முதலில் பேட்டரியை நேரே பஸ்ஸரில் கொடுத்துப் பாருங்கள். கத்தினால் இரண்டும் நலம், டிரான்சிஸ்டர் திரும்பி மாட்டியிருக்கிறதா, ஏதாவது ஸ்க்ரூ தளர்ந்ததா என்று பாருங்கள்.

எப்போதும் கத்துகிறது: மாடி ஒயரை 5 ஆம் அறையிலிருந்து கழற்றுங்கள். சத்தம் நின்றால் கோளாறு மேலே. இணைப்பில் ஈரம் ஏறியிருக்கும், அல்லது ஸ்பூன்களுக்கு இடையே உப்புப் படிந்து பாலம் கட்டியிருக்கும். நிற்கவில்லை என்றால் கலெக்டரும் எமிட்டரும் எங்கோ தொடுகின்றன, அல்லது டிரான்சிஸ்டர் போயிற்று. மாற்ற ஒரு நிமிடம்.

தண்ணீர் தொடாமலே லேசாக முனகுகிறது: நீண்ட ஒயர் பக்கத்தில் ஓடும் வீட்டு மின்கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கிறது. 3 ஆம் அறைக்கும் 4 ஆம் அறைக்கும் நடுவே ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பழுப்பு, கருப்பு, மஞ்சள். முனகல் அடங்கிவிடும்.

தண்ணீர் தொட்டும் சத்தம் நோஞ்சானாக இருக்கிறது: ஸ்பூன்களை நெருக்குங்கள். மழைநீர் சேகரித்து ஏற்றும் வீடுகளில் அப்படியும் போதாமல் போகலாம். அங்கே இரண்டாவது பிசி 547 கைகொடுக்கும். முதலாவதின் எமிட்டரை இரண்டாவதின் பேஸில் கொடுத்து, கலெக்டர்கள் இரண்டையும் சேர்த்துவிட்டால் பெருக்கம் பல ஆயிரம் மடங்காகும். தேவையில்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள், பனிக்கும் கத்த ஆரம்பித்துவிடும்.

மாதம் ஒருமுறை ஸ்பூனைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டால் போதும். உப்புக்கறை போய்விடும். ஸ்விட்ச் எங்கே, பேட்டரி எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் ஒருமுறை காட்டிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது அம்மாவோ பிள்ளையோ பேட்டரி மாற்றிக்கொள்வார்கள். வைஃபை கருவியை இப்படி ஒப்படைத்துவிட்டுப் போக முடியாது.

எப்போது பெரியதுக்குப் போவது

ஆள் இல்லாத நேரத்தில் மோட்டார் தானாக நிற்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடக்கூடாது என்றெல்லாம் தேவை இருந்தால் இந்த அலாரம் போதாது. மிதவை சுவிட்சும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரும் வைத்து எலக்ட்ரீஷியன் செய்து கொடுப்பார், அதை அவரிடமே விடுங்கள். 230 வோல்ட்டில் முதல் பாடம் படிக்க வேண்டாம். தண்ணீர் மட்டத்தைப் பதிவு செய்து பார்க்கும் ஆசை வந்தால் அந்த ஈ.எஸ்.பி பலகையை எடுங்கள். அது ஒத்துவரும்வரை சமையலறையில் பஸ்ஸர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கட்டும்.

அதற்கு முன், மிச்சம் வாங்கிய டிரான்சிஸ்டர்கள் கையில் இருக்கின்றனவே. இதே சுற்றுதான் மழை அலாரமும். ஒரு துணி கிளிப்பின் இரண்டு வாய்களிலும் ஒவ்வொரு ஒயர் முனையைக் கட்டி, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காகிதத் துண்டைக் கவ்வவிடுங்கள். காய்ந்த காகிதத்தில் மின்சாரம் போகாது. மழைத்துளி பட்டவுடன் உப்பு கரைந்து வழிவிடும். மாடியில் வடகம் காயப்போடும் நாளில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். ஒருமுறை நனைந்த காகிதத்தை மட்டும் மாற்ற வேண்டும்.